சின்ன கேரவன் வாங்குறீங்களா? மழையில ஒரு ராத்திரி உள்ள படுத்து பாத்துட்டு வாங்குங்க

போன மாசம் இந்த பக்கத்துல, செங்கோட்டையில நாங்க வச்சிருக்கிற சின்ன கேரவன் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். பழைய டிராவலர் வேன்ல பெட்டு, அடுப்பு, சிங்க் எல்லாம் வச்சு வீடு மாதிரி செஞ்ச வண்டி, 4 வருஷமா ஓட்டுறோம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கும் இந்தப் பக்கம் ஊருக்குமா அலைஞ்சுகிட்டே இருக்கோம்னு சொல்லியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. பாதிக்கு மேல மலையாள எல்லைப் பக்கத்துல இருந்து தான் வந்திருக்கு. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அக்கா, டிராவலர்ல செஞ்ச கேரவன் ஒண்ணு விலைக்கு வருது. உள்ள பளபளன்னு புது வீடு மாதிரி இருக்கு. டிவி, ஃப்ரிட்ஜ், கலர் கலரா லைட்டு எல்லாம் இருக்கு. எதை பாத்து வாங்கணும்?
புனலூர் வாசகர்

தம்பி, அந்த லைட்டை எல்லாம் அணைச்சிட்டு பாருங்க, அது தான் முதல்ல சொல்லுவேன். நாங்களும் இப்படி பளபளப்பை பாத்து தான் வாங்குனோம், வாங்குனது ஒரு மாசி மாசம், நல்ல வெயில், வண்டி உள்ள ஒரு குறையும் தெரியல. ஜூன்ல சாரல் ஆரம்பிச்ச உடனே தென்மலை போனோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மூஞ்சில சொட்டு சொட்டா தண்ணி விழுது, எந்திரிச்சு டார்ச் அடிச்சு பாத்தா சோலார் பேனலுக்கு கூரையில ஓட்டை போட்டு ஸ்க்ரூ அடிச்சிருக்காங்க பாருங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி வந்து கூரைக்கும் உள் சீலிங்குக்கும் நடுவுல ஓடி எங்கயோ ஒரு மூலையில சொட்டுது. சொட்டுற இடம் வேற, ஓட்டை வேற. அதை கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆச்சு. வீட்டு பாத்ரூமுக்கு பூசுற சாதா சிலிகானை பூசி விட்டிருக்காங்க, வண்டி கூரை வெயில்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி, ரோட்டுல குலுங்கி, அது தகடு விட்டு உரிஞ்சு போச்சு. அந்த இடத்துக்கு பாலியூரிதேன் சீலண்ட் தான் போடணும், அது தான் ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி இழுத்து கொடுக்கும்.

அது கூட பரவால்ல. அடுத்த வருஷம் சிங்க் அடியில கப்போர்டு கதவு மூட மாட்டேங்குது. சன்மைக்கா மேல பாத்தா நல்லா தான் இருக்கு, உள்ள பாத்தா மரத்தூளை அமுக்கி செஞ்ச பார்ட்டிகிள் போர்டு, தண்ணி பட்டு ஊறி ரஸ்க் மாதிரி உப்பி இருக்கு. வித்த ஆளுகிட்ட கேட்டா அது அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. கடைசில மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு ஊர்ல ஒரு ஆசாரிய வச்சு தண்ணிக்கு தாங்குற, ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்ல திரும்ப செஞ்சோம், அறுத்த ஓரத்துக்கு எல்லாம் பிரைமர் அடிச்சு மூடச் சொன்னேன், ஏன்னா பிளைவுட் எவ்வளவு நல்லதா இருந்தாலும் தண்ணி அறுத்த ஓரம் வழியா தான் உள்ள போகும்.

அதனால நீங்க போய் பாக்கும்போது, பெட்டை தூக்கி அடிப்பக்கம் பூஞ்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. மூடிக் கிடக்கிற கப்போர்டை தொறந்து மூக்கை உள்ள விட்டு மோந்து பாருங்க, ஈரத்துணி வாடை வந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், அந்த வாடையை மட்டும் எந்த ஸ்ப்ரே அடிச்சும் மறைக்க முடியாது. சீலிங் மூலையையும் ஜன்னல் கீழ்ப்பக்கத்தையும் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு உள்ள போகக்கூடாது. ஹோஸ் பைப்பை எடுத்து 20 நிமிஷம் கூரை மேல தண்ணி விடச் சொல்லுங்க, விடுறதுக்கு யோசிச்சாங்கன்னாலே உங்களுக்கு பதில் கிடைச்சிருச்சு. அப்புறம் ஒரு மோசமான ரோட்டுல ஓட்ட சொல்லிட்டு நீங்க பின்னாடி உக்காருங்க. டிரா, கதவு, பாத்திரம் எல்லாம் என்ன சத்தம் போடுதுன்னு அப்ப தெரியும். எங்க வண்டி புளியரை எஸ் வளைவுல ஏறும்போது கப்போர்டு தானா தொறந்து குக்கர் என் கால்ல விழுந்திருக்கு, காந்தம் வச்ச கதவு மலை ரோட்டுக்கு பத்தாது, அமுக்கி தொறக்கிற பூட்டு தான் வேணும்.

பாலக்காடு கணவாய் வெயில் உங்களுக்கு தெரியும். ஏசி இல்லாம வண்டிக்குள்ள ஏப்ரல் மாசம் படுக்க முடியுமா? பேட்டரியிலயே ஏசி ஓடும்னு சொல்றாங்களே?
கொழிஞ்சாம்பாறை வாசகர்

அண்ணே, கணக்கு போட்டு சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க. 12.8 வோல்ட் 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி ஒண்ணுல மொத்தம் 1280 வாட் அவர், அதாவது வீட்டு மீட்டர் கணக்குல ஒண்ணே கால் யூனிட். வீட்டுல ஒரு டன் ஏசி முழு வேகத்துல ஓடுனா மணிக்கு கிட்டத்தட்ட ஒரு யூனிட் சாப்பிடும். வண்டிக்குள்ள இடம் சின்னது, இன்வெர்ட்டர் ஏசின்னா விட்டு விட்டு ஓடும், கொஞ்சம் கம்மியாகும், ஆனாலும் விடிய விடிய ஓடணும்னா நாலஞ்சு பேட்டரி வேணும், அதை மறுநாள் திரும்ப நிரப்பவும் வேணும். கூரையில 400 வாட் பேனல் வச்சா நல்ல வெயில் நாள்ல ஒன்றரை யூனிட் பக்கம் வரும், அதுலயும் பேனலுக்கு வெயில் வேணும்னா வண்டியும் வெயில்ல தான் நிக்கணும், நிழல்ல நிறுத்துனா பேனல் தூங்கிரும். கரண்ட் குத்துற இடம் இருந்தா ஏசி வைங்க, பேட்டரிய மட்டும் நம்பி வைக்காதீங்க.

கரண்ட் கம்மியா சாப்பிடுற 28 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒண்ணு ராத்திரி பத்து மணி நேரம் ஓடுனாலும் கால் யூனிட் சொச்சம் தான். ஆனா ஃபேன் மட்டும் இருந்தா பத்தாது, கூரையில காத்தை வெளிய தள்ளுற ஃபேன் ஒண்ணு, எதிர்ப்பக்கம் கீழ ஒரு ஜன்னல், ரெண்டுக்கும் கொசுவலை, இது மூணும் சேர்ந்தா தான் காத்து ஓடும். கண்ணாடி தொறக்கவே முடியாத வண்டியை தயவு செஞ்சு வாங்காதீங்க. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல என்ன போட்டிருக்காங்கன்னு கேளுங்க, கறுப்பா இருக்கிற நைட்ரைல் ரப்பர் ஃபோம்னா நல்லது, தண்ணி குடிக்காது. சில பேர் கண்ணாடி பஞ்சு போடுறாங்க, ஒழுகுனா அது தண்ணியை உறிஞ்சு வச்சுக்கிட்டு தகடை துரு பிடிக்க வைக்கும். உண்மையை சொல்லணும்னா பங்குனி சித்திரையில நாங்க சமவெளியில படுக்கிறதே இல்ல, வண்டியை மேல ஏத்திருவோம்.

ஏசிக்கு சின்ன ஜெனரேட்டர் வாங்கி வண்டி பின்னாடி கேரியர்ல வச்சுக்கலாம்னு இருக்கோம். சத்தம் தவிர வேற பிரச்சனை உண்டா?
தென்காசி வாசகர்

உண்டு, உயிர் போற பிரச்சனை. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ள பரவினது தான் காரணம்னு அப்புறம் ஆய்வுல தெரிஞ்சுது. அந்த வாயுவுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, இருமல் கூட வராது, தலைவலி, அசதின்னு தான் ஆரம்பிக்கும், தூங்குற மனுசனுக்கு அதுவும் தெரியாது. தரையில ஒயர் போற ஒரு சின்ன ஓட்டை போதும் அது உள்ள வர்றதுக்கு. அதனால தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது, ஒட்டுன கேரியர்ல வச்சு ஓட்டவும் கூடாது, தள்ளி வச்சு முழிச்சிருக்கும்போது மட்டும் ஓட்டுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி படுக்கிற இடத்துக்கு பக்கத்துல மாட்டுங்க. டிவி வாங்குறதுக்கு முன்னாடி அதை வாங்குங்கன்னு நான் கெஞ்சியே கேக்குறேன். மழைக்கு வண்டிக்குள்ள கரி அடுப்பு வச்சு குளிர் காயிறதும் இதே தான்.

கேஸ் அடுப்புக்கும் இதோட சேத்து சொல்லிடுறேன். 5 கிலோ சிலிண்டர் தான் நாங்களும் வச்சிருக்கோம். எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையில போய் தேங்கும், அதனால சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில வெளிய பாத்து ஒரு ஓட்டை இருந்தே ஆகணும். நாங்க பெரும்பாலும் பக்கத்துல தார்ப்பாய் கட்டி வெளிய தான் சமைக்கிறோம். உள்ள ஒரு தடவை சாளை மீன் வறுத்தேன், மெத்தையில வாடை போக மூணு நாள் ஆச்சு.

அம்மாவுக்கு 70 வயசு, மூட்டு வலி. அவங்களை கூட்டிட்டு போகணும்னு தான் வண்டி வாங்கவே ஆசைப்படுறேன். சின்ன வண்டியில டாய்லெட் சரியா வருமா மைனி?
களியக்காவிளை வாசகி

உங்க கேள்வி தான் எனக்கு ரொம்ப பிடிச்சது மைனி, ஏன்னா நானும் எங்க அத்தைக்காக தான் வாங்குனேன். பொம்பளைங்களுக்கு ரோட்டுல போறதுல பெரிய கஷ்டமே இது தான், வழியில ஒதுங்க இடம் இருக்காதேன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம வர்றவங்க எத்தனை பேரு. வண்டியில டாய்லெட் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு தான் எங்க அத்தை புனலூர் வரைக்கும் தைரியமா தண்ணி குடிச்சிட்டு வந்தாங்க.

சின்ன வண்டிக்கு கேசட் டாய்லெட் சரியா வரும், மேல உக்கார்ற பகுதி, அடியில 20 லிட்டர் கிட்ட பிடிக்கிற பெட்டி, நெறஞ்சா பெட்டியை மட்டும் உருவி எடுத்து ஒரு நல்ல கக்கூஸ்ல கொட்டி கழுவிட்டு வரணும். ரெண்டு பேர் ரெண்டு நாள், அவ்வளவு தான் தாங்கும், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ஆத்துலயோ காட்டுலயோ கொட்டவே கூடாது, கல்லடையாத்து தண்ணியை கீழ எத்தனை ஊரு குடிக்குது. ஆனா மூட்டு வலிக்காரங்களுக்கு உயரம் முக்கியம், சில மாடல் ரொம்ப தாழ்வா இருக்கும், அடியில ஒரு மரப்பெட்டி கட்டி ஏத்தி வச்சு பக்கத்துல பிடிக்க ஒரு கம்பி போட்டுருங்க. வண்டியில ஏறுற படி அதை விட முக்கியம். டிராவலர் படி உயரம், அம்மாவால ஏற முடியுதான்னு அம்மாவையே கூட்டிட்டு போய் ஏத்தி இறக்கி பாருங்க. பெட்டும் அப்படித்தான், மேல ஏறி படுக்கிற பெட்டு வேணாம், உக்கார்ற சீட்டை இழுத்து பெட்டாக்குறதும் வேணாம், ராத்திரி எந்திரிச்சா எல்லாரையும் எழுப்பணும். எப்பவும் விரிச்சே கிடக்கிற ஒரு கட்டில் போதும்.

மழைக்காலத்துல தென்மலை, ஆரியங்காவு பக்கம் போனா செருப்பை வெளிய விடாதீங்க, அட்டை ஏறிக்கும், உப்பு பொட்டலம் ஒண்ணு கதவு பக்கத்துல இருக்கட்டும்.

நான் மாருதி ஈகோவுல பின் சீட்டை எடுத்துட்டு பெட்டு போட்டு 3 வருஷமா குமுளி, வண்டிப்பெரியார், வாகமண்னு சுத்துறேன். பெரிய வண்டி எல்லாம் வீண் செலவுக்கா. மலை ரோட்டுல திருப்ப முடியாது, நிறுத்த முடியாது. ஈகோவுல நிமிந்து நிக்க முடியாது, அது ஒண்ணு தான் குறை.
கம்பம் வாசகர்

தம்பி சொல்றது ஒத்த ஆளுக்கு நூத்துக்கு நூறு சரி. ஈகோ மொத்த நீளமே 3675 மில்லிமீட்டர், அகலம் 1475, அதாவது வெளி அகலமே 5 அடிக்கு கொஞ்சம் கம்மி, குறுக்க படுக்க வழியே இல்ல, நீளவாக்குல தான் படுக்கணும், அப்ப சமையல் சாமான் எல்லாம் பெட்டுக்கு அடியில போயிரும். மழை இல்லாத நாள்ல அது போதும், பின் கதவை தூக்கிட்டு அடியில நின்னு டீ போடலாம். நாலு நாள் விடாம மழை பேஞ்சா தான் தெரியும், சட்டை மாத்துறதுக்கும் குனிஞ்சு, சாப்பிடுறதுக்கும் குனிஞ்சு, ஈரத்துணி தலைக்கு மேல தொங்கி, ரெண்டு பேரா இருந்தா மூணாவது நாள் சண்டை வந்துரும். நிமிந்து நிக்க முடியாதது ஒரு சின்ன குறைன்னு நீங்க சொல்றீங்க, எனக்கு அது தான் வீட்டுக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம். ஆனா எடை விஷயத்துல உங்க கட்சி தான் நானும். 100 லிட்டர் தண்ணி டேங்க்னா 100 கிலோ, அதை தூக்கிட்டு குமுளி மலை ஏறி இறங்கும்போது பிரேக்குக்கு தான் வேதனை. நாங்க 20 லிட்டர் கேன் ரெண்டு, அதுக்கு மேல ஏத்துறதில்ல, போற ஊர்ல பிடிச்சுக்கிறோம்.

நானே சொந்தமா வேனை கேரவனா மாத்துனா ஆர்டிஓ விடுவாங்களா?
வாளையார் வாசகர்

சும்மா மாத்திட்டு ஓட்டாதீங்க. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல வண்டி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிருச்சு. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124ன்னு தனி தரம் இருக்கு. பழசு வாங்குனா ஆர்சி புக்குல வண்டி வகை என்னன்னு படிச்சு பாருங்க, உள்ள கட்டில் கிடக்கும், புக்குல பயணிகள் வேன்னு இருக்கும், அப்படி இருந்தா விபத்துல இன்சூரன்ஸ் கைய விரிச்சிருவாங்க. எல்லை தாண்டி ஓட்டுற நமக்கு இது ரெண்டு மடங்கு தலைவலி, ரெண்டு பக்கமும் செக்கிங் இருக்கு. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும்னும் இருக்கு, அதையும் மனசுல வைங்க.

எந்த மாசம் வாங்குனா விலை கம்மியா கிடைக்கும்?
மறையூர் வாசகர்

விலை எனக்கு தெரிஞ்சு மாசத்தை பாத்து பெருசா மாறுறதில்ல. ஆனா விளம்பரம் எல்லாம் தை, மாசி, பங்குனியில தான் நிறைய வருது, எல்லாம் காஞ்சு கிடக்கிற நேரம், ஒழுகுற வண்டியும் ஒழுகாத வண்டியும் ஒரே மாதிரி தெரியும். நீங்க ஆனி ஆடியில போய் பாருங்க. ரெண்டு நாள் வாடகை குடுத்தாவது ஒரு ராத்திரி அந்த வண்டியிலயே படுங்க, படுக்கும்போது ஜன்னலை மூடியும் பாருங்க, தொறந்தும் பாருங்க. காலையில எந்திரிச்ச உடனே கண்ணாடியை துடைக்காம முதல்ல தலகாணியை தொட்டு பாருங்க, காஞ்சு இருக்கான்னு.