அப்பா சிகரெட் புகைத்த ஃப்ளாட்டை விற்கப் போகிறீர்களா? பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்களுக்கு 1998ல் வாங்கிய இரண்டு படுக்கையறை ஃப்ளாட் இருக்கிறது. அப்பா ஹாலில் உட்கார்ந்து தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பார். போன வருடம் காலமானார். அம்மா எங்களோடு வந்துவிட்டதால் வீட்டை விற்கப் பார்க்கிறோம். பார்க்க வந்தவர்கள் உள்ளே நுழைந்ததுமே முகம் மாறிப் போய்விடுகிறார்கள். "ஒரு கோட் பெயின்ட் அடித்தால் போதும்" என்கிறார் புரோக்கர். சிகரெட் வாடை இருந்தால் விலை 30 சதவீதம் வரை குறையும் என்று எங்கோ படித்தேன். உண்மையா? தம்பி இப்போதும் சனி, ஞாயிறு அங்கே போய்த் தங்குகிறான். பால்கனியில்தான் பிடிக்கிறேன் என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: 30 சதவீதமெல்லாம் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் புரோக்கர் சொல்வதைக் கேட்டு நேராகப் பெயின்ட் அடித்தீர்கள் என்றால் பெயின்ட் காசும் போய், ஆறு மாதத்தில் வாடை திரும்ப வந்து நிற்கும்.

அந்த 30 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2013ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டு விற்பனை முகவர்களிடம் ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தார்கள். வீட்டுக்குள் புகைத்தால் மறுவிற்பனை விலை அடிபடும் என்று சொன்ன முகவர்களில் ஒரு பகுதியினர், 20 முதல் 29 சதவீதம் வரை குறையலாம் என்றார்கள். கணிப்பை எடுக்க வைத்தது ஃபைசர் நிறுவனத்தின் கனடாக் கிளை, அதாவது சிகரெட்டை விட உதவும் மாத்திரையை விற்றவர்கள். அது முகவர்களின் அபிப்பிராயம். விற்பனைப் பத்திரங்களை எடுத்து ஒப்பிட்டுப் போட்ட கணக்கு கிடையாது. அப்புறம், அந்த ஊர் வீடுகளும் வேறு மாதிரி: மரச் சட்டம், ஜிப்சம் பலகைச் சுவர், அறை முழுக்கக் கார்ப்பெட், குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் ஜன்னல்கள், ஒரே காற்றை எல்லா அறைக்கும் சுற்றிவிடும் ஹீட்டர் குழாய்கள். புகை போய் ஒளிந்துகொள்ள அங்கே ஆயிரம் இடம். உங்களுடையது சிமென்ட் பூச்சு, மொசைக் அல்லது டைல்ஸ் தரை, திறக்கக்கூடிய ஜன்னல் உள்ள வீடாக இருக்கும். கழுவ முடிகிற வீடு. (ஃபால்ஸ் சீலிங், சுவரளவு வார்ட்ரோப், எந்நேரமும் ஏசி என்று கட்டுகிற புது ஃப்ளாட்டுகள் கனடா வீட்டுக்குக் கிட்டே போய்விட்டன, அது தனிக் கவலை.)

நம்மூரில் இத்தனை வருடப் பழைய ஃப்ளாட்டின் விலையில் பெரும்பகுதி யூடிஎஸ் எனும் பிரிபடாத நிலப் பங்குக்குத்தான். அந்த மண்ணில் சிகரெட் வாடை ஒட்டாது. வங்கிக் கடனுக்கு மதிப்பீடு போட வருகிறவரின் படிவத்திலும் வாடைக்குத் தனிக் கட்டம் இல்லை. நஷ்டம் வேறு வழியில் வருகிறது. கைக்குழந்தை வைத்திருக்கிற குடும்பம், ஆஸ்துமா உள்ளவர்கள், வீட்டில் யாருமே புகைக்காதவர்கள் என்று நல்ல விலை கொடுக்கக்கூடிய ஆட்கள்தான் முதலில் திரும்பிப் போகிறார்கள். மிஞ்சுகிறவர்கள் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள். வீடு எத்தனை மாதமாக விற்காமல் கிடக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதை வைத்தே விலையை அடிப்பார்கள். சுவரைச் சரிசெய்ய உண்மையில் ஆகும் செலவு ஒன்று, அந்தச் சுவரைக் காட்டி அவர்கள் குறைக்கச் சொல்லும் தொகை அதைவிடப் பல மடங்கு. நீங்கள் தடுக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

முகம் சுளித்துப் போனவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மாட் குழுவினர் 2011ல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்கள் காலிசெய்து போய், சுமார் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, புதிதாகக் குடிவருபவர்களுக்காகத் தயார்செய்த வீடுகளிலும் தூசியிலும் சுவர்களிலும் நிகோட்டின் இருந்தது. அங்கே குடிவந்த, புகைப்பழக்கமே இல்லாதவர்களின் விரல்களிலும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் இன்னொன்றைக் காட்டியது: சுவரில் படிந்த நிகோட்டின், காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது. கேஸ் அடுப்பு எரியும் வீட்டிலும் வண்டிப் புகை வரும் தெருவிலும் அந்த அமிலம் இருக்கும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். அதனால் வாடையை மறைத்துவிட்டு விற்பதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

எவ்வளவு படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹாலில் மாட்டியிருக்கும் சாமி படத்தையோ காலண்டரையோ கழற்றினால் பின்னால் வெளிறிய கட்டம் தெரியும். சுற்றிலும் இருக்கும் மஞ்சளுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அப்பா புகைத்ததன் அளவு. வெள்ளைத் துணியை வினிகரில் நனைத்து மேல் சீலிங்கை, முக்கியமாக அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே, ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். உங்கள் மூக்கை நம்பாதீர்கள், அது பழகிப்போனது. வீட்டை ஒரு நாள் முழுக்க மூடி வைத்து, அங்கே வந்தே இராத ஒருவரை உள்ளே அனுப்பி, எந்த அறையில் வாடை அதிகம் என்று கேளுங்கள்.

வேலையை வெளியே எடுத்துப் போடுவதில் ஆரம்பியுங்கள். திரைச்சீலை, சோபா, இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, மிதியடி எல்லாம் போகட்டும், துவைத்தால் சரியாகிவிடும் என்று மெத்தையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஃபேன் இறக்கை, கொசுவலை, ஜன்னல் கிரில், மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டு, எக்ஸாஸ்ட் ஃபேன், எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு இருக்கும். ஏசியைப் பலரும் மறக்கிறார்கள். ஃபில்டரை மட்டும் கழுவினால் போதாது, உள்ளே இருக்கும் கூலிங் காயில், புளோயர் இரண்டும் கெமிக்கல் வாஷ் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாங்க வந்தவர் முன்னால் ஏசியைப் போட்ட நிமிடமே பழைய வாடை வீசும்.

அடுத்தது சுவர். எமல்ஷன் அடித்த சுவர் என்றால், வெந்நீரில் வாஷிங் சோடாவும் கொஞ்சம் பாத்திர சோப்பும் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு துடையுங்கள். தார்ப் படிவு அதில் இளகும். நல்ல தண்ணீரில் துடைத்தெடுத்தபின் தனியாக வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து ஒருமுறை. நிகோட்டின் காரத்தன்மை உள்ளது, வினிகரின் அமிலம் அதைத் தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றித் துணியோடு கொண்டுவந்துவிடும். சோடாவையும் வினிகரையும் ஒரே வாளியில் கலந்தால் இரண்டும் வீண். பிளீச்சிங் பவுடரோடு வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். உங்களுடையது டிஸ்டெம்பர் சுவர் என்றால் கழுவும்போதே கரைந்து வழியும், அதனால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கூலி கூடும், ஆனால் பல வருடப் படிவு சுண்ணாம்போடு சேர்ந்தே வெளியே போவதால் பலன் அதில்தான் அதிகம்.

நன்றாகக் காய்ந்தபின் பிரைமர், இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. தண்ணீர் கலந்து அடிக்கும் பிரைமரும் எமல்ஷனும் மிச்சமிருக்கும் நிகோட்டினைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். வெள்ளைச் சுவரில் டீ சிந்திய மாதிரி பழுப்புத் திட்டுகள் தெரியும். டர்பன்டைன் கலந்து அடிக்கும் ஆயில் பிரைமரோ, அரக்கு அடிப்படையிலான கறை தடுக்கும் பிரைமரோ முதலில் ஒரு கோட் போக வேண்டும், சீலிங்குக்கும் சேர்த்து. பெயின்டர் "சீலிங் நல்லாத்தானே இருக்கு" என்பார், விடாதீர்கள், புகை மேலேதான் போகும். அதற்கப்புறம் பட்டி பார்ப்பது, எமல்ஷன் அடிப்பது எல்லாம் வழக்கம்போல. அலமாரிகளின் உட்புறமும் பாலிஷ் போடாத பிளைவுட் பின்பக்கமும் வாடையை உறிஞ்சி வைத்திருக்கும். துடைத்துக் காயவிட்டு ஃபிரெஞ்சு பாலிஷ் ஒரு கை போடுங்கள், அதுவும் அரக்குதான், வாடையை அடைத்துவிடும்.

சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். வாங்க வருகிறவருக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஓசோன் மெஷின் வாடகைக்கு வைத்து ஒரே நாளில் வாடையைப் போக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். ஓசோன் நிகோட்டினோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன என்று அதே பெர்க்லி ஆய்வகத்தினர் காட்டியிருக்கிறார்கள். ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல்.

தம்பி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பால்கனிப் புகை கதவிடுக்கு வழியாக உள்ளே வரும், சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியும் வரும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் அவர் நான்கு வார இறுதிகள் தங்கினால் நீங்கள் செய்ததெல்லாம் பாழ். பிரைமர் வேலை நடக்கும் நாட்களில் உள்ளே பீடி சிகரெட் பற்றவைப்பது தீ விபத்துக்கே வழி. வீடு விற்கும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். அப்பா இருந்த வீடு, அவருக்கு அங்கே போய் உட்காரத் தோன்றுவது புரிகிறது, அதனால் சாவியை வாங்கும்போது பக்குவமாகப் பேசுங்கள்.

வாங்குகிறவரிடம் என்ன சொல்வது? கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55வது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. வாடை மூக்குக்கே தெரியும்தான், ஆனாலும் மறைத்து விற்றுவிட்டு அப்புறம் சங்கடப்பட வேண்டாம். "அப்பா புகைப்பார், சுரண்டி, கழுவி, ஆயில் பிரைமர் போட்டு அடித்திருக்கிறோம்" என்று சொல்லி பில்லையும் வேலையின்போது எடுத்த போட்டோக்களையும் காட்டினால் பேரம் பாதி அடங்கும்.

இப்போதே விற்றாக வேண்டிய அவசரம் என்றால், கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் அடங்கும் தரைப் பரப்பை, மூன்றரையால் பெருக்குங்கள், சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு தோராயமாக வரும். 700 சதுர அடி என்றால் சுமார் 2,450. சுரண்டல், பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் என்று பிரித்து இரண்டு பெயின்டர்களிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை மட்டும் விலையில் விட்டுக்கொடுங்கள். கட்டிடத்தையே இடித்துக் கட்டும் பேச்சு அபார்ட்மென்ட்டில் நடந்துகொண்டிருந்தால் இந்தச் செலவு எதுவுமே தேவையில்லை, அசோசியேஷனில் இன்றைக்கே விசாரியுங்கள். இரண்டும் இல்லை என்றால், மழைக்காலத்துக்கு முன்பே வேலையை முடித்து மூன்று நான்கு வாரம் ஜன்னல்களைத் திறந்து போடுங்கள்; ஐப்பசி ஈரத்தில் வாடை கிளம்பவில்லை என்றால் அப்போது புரோக்கரைக் கூப்பிடலாம்.