மழைல உப்பு மாவுல செஞ்ச யானை பொம்மை காயல, பூஞ்சை பிடிக்குன்னு கேட்டிருந்தீங்கல்லா

அக்கா, நானும் நாகர்கோவில் பக்கம்தான், மூணு வயசு மவன் உண்டு. உங்க அளவு தப்பில்ல, ரெண்டு கப் மைதாக்கு ஒரு கப் உப்பு சரிதான். குத்தம் உப்போடது, அது காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், நம்ம ஊர்லயோ ஆனி ஆடில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகைல இன்னொரு மழை, பின்ன எங்க காய? யானைய உருட்டி உருட்டி தடியா செஞ்சா உள்ள பச்சையாவே கெடக்கும். அரை சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம், ஓவன் இருந்தா 100 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல திருப்பி போடுங்க. பூஞ்சை வந்தத தூர போட்டுருங்க.

நான் இப்ப காய வைக்கதையே விட்டுட்டேன். ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணி, ரெண்டு ஸ்பூன் எலுமிச்ச சாறு, ஒரு ஸ்பூன் எண்ணெய், எல்லாம் கலக்கி அடுப்புல சிம்ல கிண்டுனா உருண்டு வரும், கொஞ்சம் மஞ்சப்பொடி போட்டா நல்ல கலரு. ஆறுனப்புறம் டப்பால அடச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா கொஞ்ச நாள் வெளாடலாம். வாயில வைக்காம பாத்துக்கிடுங்க, உப்பு ரொம்ப ஜாஸ்தி.

சொவத்துல மாட்ட ஏதாச்சும் வேணும்னா தென்ன ஓல காத்தாடி செஞ்சு குடுங்க, ஈர்க்க மட்டும் நீங்களே கிழிங்க, கண்ணுல குத்திரும். எனக்க மவன் அத கைல புடிச்சு திண்ணைல ஓடுகான், யானையெல்லாம் மறந்தே போச்சு