கணப்படுப்பும் புகைபோக்கியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது செங்கல் கணப்பை அடைத்துவிட்டு, கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்றை வரவேற்பறையில் பொருத்தினோம். அதன் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், இரண்டு வளைவுகளுக்குப் பின் கூரை விளிம்புக்குக் கீழேயே முடிகிறது. காலையில் பற்றவைத்தால் புகை முழுவதும் அறைக்குள் வருகிறது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் மாலையிலும் இதே கதைதான். அடுப்பை மாற்றிவிடலாமா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: அடுப்பை மாற்றுவதால் பயன் இல்லை, பழுது குழாயில் இருக்கிறது. புகையை மேலே இழுப்பது, குழாய்க்குள் இருக்கும் சூடான காற்றுக்கும் வெளியே உள்ள குளிர்ந்த காற்றுக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு. குழாய் எவ்வளவு உயரமோ, அதன் உட்புறம் எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இழுவை கூடும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஊரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே என்பதால், இழுவையும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். வெளியே 8 டிகிரி, குழாய்க்குள் சராசரியாக 150 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், 3 மீட்டர் குழாயில் 10 பாஸ்கலுக்கும் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) சற்றுக் குறைவாகவும், 5 மீட்டர் குழாயில் 16 பாஸ்கல் அளவிலும் இழுவை கிடைக்கும். இவ்வகை அடுப்புகளுக்குப் பொதுவாக 12 பாஸ்கல் தேவைப்படுகிறது. உங்கள் குழாயின் இரண்டு வளைவுகள் இருப்பதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

கூரை விளிம்புக்குக் கீழே குழாயை முடித்தது இன்னும் பெரிய தவறு. சுவரில் மோதும் காற்று அங்கே அழுத்தத்தை உயர்த்திப் புகையைக் கீழே தள்ளுவதோடு, விளிம்பு மரத்தால் ஆனதாக இருந்தால் அது தீப்பிடிக்கவும் வழி உண்டு. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் எண் நெறிமுறை சொல்வதை இங்கும் அப்படியே பின்பற்றலாம்: புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், அதைச் சுற்றிப் பத்து அடிக்குள் உள்ள முகடு, சுவர் எதுவாயினும் அதைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும்.

அடைத்த கணப்பைத் திறப்பதே நான் முதலில் சொல்லும் யோசனை. வீட்டின் நடுவே எழும் பழைய செங்கல் புகைபோக்கி எளிதில் குளிராது. வெளிச்சுவரில் தனியாக நிற்கும் தகரக் குழாயோ இரவெல்லாம் குளிர்ந்து, காலையில் கனத்த காற்றால் அடைபட்டு நிற்கும். ஆனால் திறந்த கணப்புக்காகக் கட்டிய அந்தப் புகைபோக்கியின் அகலம் உங்கள் சிறிய அடுப்புக்கு மிக அதிகம் என்பதால், அடுப்பின் புகைவாய் அளவுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை உச்சியிலிருந்து அடிவரை உள்ளே இறக்க வேண்டும். அது முடியாத நிலையில், இரட்டைச் சுவர் கொண்ட, நடுவில் வெப்பக்காப்பு நிரப்பிய குழாயை வளைவின்றிக் கூரை வழியே ஏற்றுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரப் பலகைக்கும் இடையே 18 அங்குல இடைவெளி தேவை. கடைக்காரர் ஜி.ஐ. குழாயைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகிவிடும்.

இனி எக்ஸாஸ்ட் ஃபேன். புதுப்பித்த வீடுகளில் ஜன்னல்கள் இறுக்கமாக மூடிக்கொள்கின்றன. வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், அதற்கு எஞ்சிய வழி உங்கள் புகைக்குழாய்தான். அடுப்பு ஆறியிருக்கும்போது ஃபேனை ஓடவிட்டு, அடுப்புக் கதவை ஒரு விரற்கடை திறந்து, அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை இழை அடுப்புக்குள் போகாமல் உங்கள் பக்கம் சாய்ந்தால் குழாய் தலைகீழாக வேலை செய்கிறது என்று பொருள். ஜன்னலைச் சற்றுத் திறந்ததும் இழை உள்ளே திரும்பினால், அடுப்பின் பக்கத்தில் வெளிக்காற்று வர நிலையான துளை ஒன்று அமைத்துவிடுங்கள். குழாய் வேலை முடியும்வரை, விறகைப் பற்றவைக்கும் முன் ஒரு தாள் செய்தித்தாளைச் சுருட்டிப் புகைவாய்க்கு அருகே எரித்துக் குழாயைச் சூடாக்குவது தற்காலிகமாக உதவும்.

கேள்வி: குழாயின் இணைப்புகளிலிருந்து தார் போன்ற கரிய நீர் சொட்டுகிறது. மழைநீர் இறங்குகிறதா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: வெயில் நாட்களிலும் சொட்டினால் அது மழைநீர் அன்று, கிரியோசோட் எனப்படும் மரத்தார். முழுமையாக எரியாத புகை, ஏறத்தாழ 120 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து இப்படி ஆகிறது. ஈர விறகும், இரவு முழுதும் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று காற்று வழியை மூடிவைக்கும் பழக்கமும் இதற்குப் பெரும்பாலும் காரணம். உங்கள் பக்கத்தில் கிடைக்கும் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வெட்டிய புதிதில் எடையில் பாதியளவு வரை நீர் கொண்டிருக்கும். பிளந்து, மழை படாத, காற்றோட்டமுள்ள கொட்டகையில் அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே எரிக்க வேண்டும். நீலகிரி மழைக்கு ஆறு மாதம் பெரும்பாலும் போதாது.

இணைப்புகளையும் பாருங்கள். மேல் குழாயின் குறுகிய முனை கீழ்க் குழாய்க்குள் செருகியிருந்தால் சொட்டும் தார் உள்ளேயே வழிந்து நெருப்பில் எரிந்துவிடும். உங்கள் வீட்டில் அநேகமாக மாற்றிச் செருகியிருக்கிறார்கள். படிவு கால் அங்குலத்தை எட்டும்வரை காத்திருக்காமல், ஆண்டுக்கு ஒரு முறையேனும் கம்பித் தூரிகையால் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் தார் குழாய்க்குள் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,100 டிகிரி வரை ஏறும். ரயில் ஓடுவதுபோன்ற இரைச்சல் கேட்கும். அப்போது அடுப்புக் கதவையும் காற்று வழியையும் மூடிவிட்டு, எல்லோரும் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துப் பிளக்கக்கூடும்.

கேள்வி: புகையே வராத மரக்கரியை இரும்புச் சட்டியில் இட்டு இரவில் படுக்கையறையில் வைக்கலாம் அல்லவா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: கூடவே கூடாது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடை ஏராளமாக வெளியிடுகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. புகையாவது கண்ணை எரித்து எழுப்பிவிடும். இது தூங்குபவரை எழுப்பாது. ஜன்னலைச் சற்றுத் திறந்துவைப்பதும் நம்பத்தக்க காப்பு ஆகாது. புகைபோக்கி உள்ள கணப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் மின்சார ஹீட்டரால் அறையைச் சூடாக்கி, கூடுதலாக ஒரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். எவ்வகைக் கணப்பு வைத்திருப்பவரும் படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்தி, அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நல்லது.