மணிக்கட்டு பிபி மிஷினில் 150, கிளினிக்கில் 132: எது சரி?

அப்பாவுக்கு வீட்டில் மணிக்கட்டு மிஷின் மேல் எண்ணை 150 என்றும் கிளினிக்கில் 132 என்றும் காட்டுகிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் 132-தான் நிஜத்துக்குப் பக்கம். மிஷின் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அப்பா கையை மடியில் வைத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான்.

கை இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க, இடையில் நிற்கும் ரத்தத்தின் எடையும் அழுத்தத்தோடு சேரும். பிபி எண் என்பது பாதரச மி.மீ. கணக்கு; ரத்தம் பாதரசத்தைவிட சுமார் 13 மடங்கு லேசு. அதனால் 10 செ.மீ. இறக்கத்துக்குக் கிட்டத்தட்ட 8 மி.மீ. பாதரசம் கூடும். நெஞ்சுக்கும் மடிக்கும் 20–25 செ.மீ. இருக்கும், 150-க்கும் 132-க்கும் உள்ள 18 வித்தியாசம் அதிலேயே வந்துவிடுகிறது.

சோதித்துப் பாருங்கள்:
1. முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். மடியில் வைத்து ஒருமுறை பாருங்கள்.
2. ஒரு நிமிடம் விட்டு, முழங்கையை மேஜையில் ஊன்றி, மிஷின் நடுமார்பு உயரத்துக்கு வரும்படி மடக்கிப் பாருங்கள். கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் தசை இறுகியே எண் ஏறும்.

சரியான உயரத்திலும் நாலைந்து நாள் 135/85-ஐத் தாண்டினால் அது நிஜமாகவே உயர் ரத்த அழுத்தமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். நாடி தாளம் தப்பித் துடிப்பவருக்கு மணிக்கட்டு மிஷின் சரிவராது. எந்த எண் வந்தாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.