காய்ச்சல் நின்ற பிறகும் மலேரியா மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வைவாக்ஸ் மலேரியா வந்தது. குளோரோகுயின் சாப்பிட்டதும் காய்ச்சல் நின்றுவிட்டது, ரத்தத்தில் கிருமி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ப்ரைமாகுயின் 14 நாள் சாப்பிடச் சொல்கிறார் டாக்டர். இல்லாத கிருமிக்கு ஏன் மாத்திரை? நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் இல்லைதான், ஆனால் கல்லீரலில் தூங்கிக்கொண்டிருக்கலாம், அது வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

கிருமி ஒன்றுதான். ஆனால் கொசுவின் எச்சிலில் இருக்கும்போதும், கல்லீரலில் இருக்கும்போதும், சிவப்பணுவுக்குள் இருக்கும்போதும் அது தயாரிக்கும் புரதங்கள் வேறு வேறு. வைவாக்ஸின் உறவினரான ஃபால்சிபாரம் கிருமியின் நான்கு பருவங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வந்தது. மொத்தம் 2,400-க்கும் மேல் அகப்பட்டன, நான்கு பருவத்துக்கும் பொதுவானவை சுமார் 6 சதவீதம்தான்! கொசு நம் உடலுக்குள் செலுத்தும் ஸ்போரோசோயிட் பருவத்தில் கண்டவற்றில் ஏறக்குறைய பாதி மற்ற மூன்றிலும் தென்படவே இல்லை. (மிகக் குறைந்த அளவில் இருக்கும் புரதம் கருவியின் கண்ணுக்குத் தப்பலாம், அதனால் 'தென்படவில்லை' என்பதை 'இல்லவே இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.)

இதற்கும் உங்கள் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றால், சிவப்பணுவுக்குள் போன கிருமி அங்குள்ள ஹீமோகுளோபினைத் தின்றுதான் வளர்கிறது, அதை வெட்டிச் செரிக்கத் தனி நொதிகளைத் தயாரிக்கிறது, அப்படிச் செரிக்கும்போது மிஞ்சும் ஹீம் (ஹீமோகுளோபினில் உள்ள இரும்புப் பகுதி) அதற்கே விஷம் என்பதால் அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகமாக்கலைத் தடுக்கிறது, கிருமி தன் விஷத்திலேயே சாகிறது. கல்லீரலில் தூங்கும் வைவாக்ஸுக்கோ ஹீமோகுளோபினே கிடையாது, செரிமானமும் இல்லை, அப்புறம் குளோரோகுயின் எதைத் தடுக்கும்? சில வாரமோ பல மாதமோ கழித்து அது விழித்து ரத்தத்துக்கு வந்தால், கொசுவே கடிக்காமல் மறுபடி காய்ச்சல் வரும். அந்தத் தூங்கும் பருவத்தை அழிக்கத்தான் ப்ரைமாகுயின்.

மலேரியாத் தடுப்பூசி தயாரிப்பது இவ்வளவு கடினமாக இருந்ததற்கும், பருவத்துக்குப் பருவம் புரதங்கள் இப்படி மாறுவது ஒரு முக்கியக் காரணம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி, ஃபால்சிபாரம் ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரதத்தைக் குறிவைக்கிறது. அதில் தப்பி ரத்தத்துக்கு வந்த கிருமியிடம் அந்தப் புரதம் இருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் போதிய அளவு இருக்கிறதா என்று பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ப்ரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டிக்கொண்டிருந்தாலோ கட்டாயம் சொல்லிவிடுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிற்று வலி குறையும். சிறுநீர் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ போனால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், அப்போது மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் வைவாக்ஸ் வந்ததைச் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.