கிரிப்டோகிராஃபி புதிர்களை எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் முதலில் தீர்த்த புதிர் எது?

நான் கணினி படித்தவள் இல்லை. எம்.காம். முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பி பொறியியல் படிக்கிறான். மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஒரு புதிர்ப் போட்டிக்காகப் பழகிக்கொண்டிருந்தவன், ஆனி மாத மழையில் வீட்டில் அடைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, இதை வாசிச்சுச் சொல்லு" என்று ஒரு தாளை நீட்டினான். அதுதான் என் முதல் புதிர்:

107, 117, 109, 97, 114, 105, 123, 109, 97, 122, 104, 97, 105, 125

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உடனே நிரல் எழுத உட்காராதீர்கள், முதலில் எண்களைப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் தப்பு தேடும்போது கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணை ஒருமுறை ஓடவிடுவோமே, அதுபோல. இங்கே மிகச் சிறியது 97, மிகப் பெரியது 125. 97 மூன்று தடவை வருகிறது, 109-ம் 105-ம் இரண்டிரண்டு தடவை. எண்கள் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் அதற்குள் ஏதோ ஒரு சொல் இருக்க வாய்ப்பு அதிகம்.

97 என்பது ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஏ'. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 127 வரை மொத்தம் 128 இடங்கள் உண்டு. பெரிய எழுத்துகள் 65-லிருந்து 90 வரை, சிறியவை 97-லிருந்து 122 வரை, இலக்கங்கள் 48-லிருந்து 57 வரை. 123-ம் 125-ம் கர்லி பிராக்கெட்டின் திறப்பும் மூடலும். இத்தகைய போட்டிகளில் விடையைப் பெரும்பாலும் அந்த பிராக்கெட்டுக்குள்தான் வைப்பார்கள். அதனால் நடுவில் ஒரு 123, கடைசியில் 125 என்று கண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழி. எண்களைப் பட்டியலாக வைத்து, ஒவ்வொன்றையும் சி-எச்-ஆர் என்ற செயல்பாட்டிடம் கொடுத்தால் அதற்குரிய எழுத்து வரும். எழுத்தைக் கொடுத்து எண்ணை வாங்க ஓ-ஆர்-டி. மூன்றே வரிதான். ஓட்டினேன். ஆங்கில எழுத்தில் 'குமரி' என்று வந்து, பிராக்கெட்டுக்குள் 'மழை' என்று நின்றது. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது புதிரில் மாட்டிக்கொண்டேன். அது 63 72 79 70 74 என்று தொடங்கியது. பழைய நிரலையே கொஞ்சம் மாற்றி, ஒவ்வொரு எழுத்தாக அச்சிடச் சொன்னேன். ஒரு கேள்விக்குறி, எச், ஓ, எஃப், ஜே என்று அர்த்தமில்லாமல் வந்து, ஆறாவது எண்ணில் பிழை காட்டி நின்றுவிட்டது. அந்த ஆறாவது, 6-ம் பக்கத்தில் 'எஃப்' என்ற எழுத்தும். அதை முன்பே பார்த்திருக்க வேண்டும். எண்ணோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து கலந்து வந்தால் அது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண், ஹெக்ஸ். அதில் 63 என்றால் ஆறு பதினாறும் மூன்றும், அதாவது 99. அது 'சி'. எண்ணாக மாற்றும் வரியில் 16 என்று சேர்த்ததும் 'கிரிப்டோ' என்ற சொல் ஆங்கிலத்தில் வரிசையாக வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது எதுவும் உண்மையில் மறையாக்கம் (கிரிப்டோகிராஃபி) இல்லை, எழுத்தை வேறு வடிவில் எழுதும் குறிமுறை மட்டும்தான். எங்கள் வீட்டில் பாட்டாவின் பழைய நிலப் பத்திரம் ஒன்று மலையாளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. எனக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது, ஆனால் அது ரகசியம் இல்லை. அந்த எழுத்து தெரிந்த யாரும் வாசித்துவிடலாம். மறையாக்கத்துக்குச் சாவி வேண்டும், ஆஸ்கிக்குச் சாவி கிடையாது. இருந்தாலும் இங்கேதான் தொடங்க வேண்டும். எழுத்தை எண்ணாக்கினால்தான் அதைக் கூட்டவும் தள்ளவும் கலைக்கவும் முடியும், மற்ற புதிர்களெல்லாம் அதற்கு மேல்தான்.

தம்பிக்குப் பதிலுக்கு நான் ஒரு புதிர் கொடுத்தேன்: 2965, 3009, 2990, 2992, 3007. "அஞ்செழுத்துச் சொல்லா?" என்றான். ஓட்டினால் 'குமரி', மூன்றே எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் 'கு' என்பது 'க' தனி, உகரக் குறி தனி. 'ரி'யும் அப்படித்தான். தமிழில் புதிர் போடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

அதைச் செய்யும்போதுதான் கவனித்தேன். 'க'வுக்கு 2965, அடுத்த 'ங'வுக்கு 2969. நடுவில் மூன்று இடம் காலி. இந்திய எழுத்துகளுக்காக 1988-ல் வகுத்த இஸ்கி வரிசையை யூனிகோடு பின்பற்றியதால், மற்ற மொழிகளின் மூன்று ககரங்களுக்கான இடம் தமிழில் வெறுமனே கிடக்கிறது. தமிழுக்கான இடம் 2944-ல் தொடங்குகிறது, மலையாளத்துக்கானது 3328-ல். வித்தியாசம் 384. சரி, ஐந்து எண்களோடும் 384-ஐக் கூட்டி ஓட்டினேன். திரையில் எனக்கு வாசிக்கத் தெரியாத ஐந்து குறிகள், மூன்று எழுத்தாகச் சேர்ந்து நின்றன.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன். பாட்டா பள்ளியில் மலையாளம் படித்தவர். கண்ணாடியை ஏற்றி, விரலால் தொட்டுத் தொட்டு, "கு... ம... ரி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மக்களே, கால் விட்டுப்போச்சே. மலையாளத்துல கன்னியாகுமாரின்னுல்லா எழுதணும்" என்றார்.

2990-க்கு அடுத்து காலுக்கான 3006-ஐச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்தார்.