தீயணைப்பு உடையில் பிஃபாஸ்: கணவர் அணியலாமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தீயணைப்பு வீரர். புதிதாகக் கொடுத்த உடையோடு, அதில் ‘பிஃபாஸ்’ ரசாயனம் சேர்க்கப்பட்டிருப்பதாக ஒரு தாளும் வந்தது. அதை அணியலாமா? ரத்தப் பரிசோதனை தேவையா?

பதில்: தீக்குள் போகும்போது கட்டாயம் அணிய வேண்டும். வெந்து போவது உடனடி ஆபத்து. பிஃபாஸ் (PFAS) என்பவை எளிதில் சிதையாத ஃப்ளோரின் ரசாயனங்கள்; ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்பவை. அந்தத் தாள் சட்டப்படி வந்ததுதான். 2025 ஜனவரி 1 முதல் அங்கே, பிஃபாஸ் சேர்த்த உடையை விற்பவர் அதையும் சேர்த்த காரணத்தையும் எழுதித் தர வேண்டும். 2027 ஜனவரி முதல் விற்கவே தடை.

எந்த அடுக்கில் இருக்கிறது என்று தாளில் இல்லாவிட்டால் ஸ்டேஷனில் கேட்கச் சொல்லுங்கள். உடைக்கு மூன்று அடுக்கு. வெளித்துணியில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கப் பூச்சு; நடுவே டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த ஈரத்தடுப்புப் படலம்; உள்ளே வெப்பம் தாங்கும் லைனிங். ‘வெளித்துணியில் பிஃபாஸ் இல்லை’ என்ற லேபிள் நடு அடுக்குக்குப் பொருந்தாது. துணி உரசித் தேயும்போது வெளிப்படும் அளவு கூடுகிறது. அதனால் மணிக்கட்டு, கழுத்துப்பட்டி நைந்திருந்தால் மாற்றக் கேட்கட்டும்.

சமையலறை, படுக்கை, உடற்பயிற்சி, சொந்தக் கார் எங்கும் அந்த உடை வேண்டாம். போட்டோவுக்காகக் குழந்தைக்குக் கோட்டை மாட்டிவிடுவதும் வேண்டாம். கழற்றியதும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். வீட்டு வாஷிங் மெஷினில் போடாமல், ஸ்டேஷன் மெஷினில் வெளியுடை தனி, லைனிங் தனியாக, 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத தண்ணீரில், ப்ளீச் இல்லாமல் துவைக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் நடுப்படலம் கெடும்.

ரத்தப் பரிசோதனை செய்யலாம். அது அளவைத்தான் சொல்லும். நோயையோ, உடையா குடிநீரா தீயணைப்பு நுரையா என்ற மூலத்தையோ சொல்லாது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022 வழிகாட்டுதல்படி, ரத்தத்தில் பிஃபாஸ் மொத்தம் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பாதிப்பு எதிர்பார்க்கப்படுவதில்லை. 2 முதல் 20 வரை இருந்தால் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, விதைப் புற்றுநோய், பெருங்குடல் அழற்சி அறிகுறிகள், 45 வயதுக்கு மேல் சிறுநீரகப் புற்றுநோய் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அளவு பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால் ஆறு மாதத்துக்கொரு முறை திரும்பப் பார்ப்பது வீண்செலவு.

‘டீடாக்ஸ்’ பொடிகளை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்களிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு ரத்தமோ பிளாஸ்மாவோ கொடுத்தவர்களுக்கு அளவு குறைந்தது; பிளாஸ்மாவில் கூடுதலாக. நோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. புகையும் கரியும் அதில் சேர்த்தி. எனவே பிஃபாஸ் அளவு குறைவாக வந்தாலும், சிறுநீரில் ரத்தம், விதையில் கட்டி என்றால் தள்ளிப்போடாமல் காட்டட்டும். டாக்டரிடம் முதலில் தன் வேலையைச் சொல்லட்டும்.